காய்ச்சிய பால்மாவு

ஆலா என்ற பசு ஒரு கிடேரிக் கன்றை ஈன்றுவிட்டுப் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. சீம்பால் மட்டும் கறக்கவிட்டது, மறுநாள் போய்ச் சேர்ந்தது. அனிப்பாவின் தொழுவத்தில் இருந்ததே அந்த ஒரு பசுதான்.

நாரின் மலைப் பக்கத்தில் பசு இல்லாத வீடென்றால் பால் இல்லாத தேநீர். அதை விருந்தாளிக்கு நீட்டுவதைவிடக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மகன் போனில் கத்தினான்.

"மாடும் போச்சுல்ல, இன்னும் என்னம்மா அங்க? அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடு."

"வந்து? உன் ஆறாவது மாடியில உக்காந்து சன்னலை எண்ணவா? கன்னு இருக்குடா. அது பசுவாகும். அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

"அது பொழைக்கலைன்னா?"

"பொழைக்கலைன்னா நீ சொன்னபடி வர்றேன், போ."

வாய் விட்டுச் சொல்லிவிட்டாள். ஊரில் கறவை வற்றியிருந்த பருவம், கடனாகக்கூடப் பால் கிடைக்காது. கன்றுக்குப் பால்மாவுதான் கதி.

கால்நடை மருத்துவம் பார்க்கும் பெர்மெத், அனிப்பாவின் கணவன் எசன்குலின் தங்கை மகள். அவள்தான் பால்மாவு மூட்டையும் கூடவே ஒரு சின்னப் பொட்டலமும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அத்தை, இந்த மாவுல பாதி சோயா. வயித்தை நிரப்பும், சதை வைக்காது. அதுக்குத்தான் இந்தப் பொட்டலம். லைசின், மெத்தியோனின்னு ரெண்டு அமினோ அமிலம். தாய்ப்பால்ல தானா இருக்கும், இதுல நாமதான் சேர்க்கணும். ஒவ்வொரு வேளையும் ஒரு சிட்டிகை போட்டு இளஞ்சூடா குடுங்க."

"இளஞ்சூடுதானே? கன்னு வாயைச் சுடுற அளவுக்கா நான் குடுப்பேன்?" என்று சிரித்தாள் அனிப்பா. பெர்மெத்தும் சிரித்தாள், அவசரமாக வண்டியேறிப் போய்விட்டாள். அந்தச் சிரிப்போடு இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். சொல்லவில்லை.

அனிப்பா வீட்டிலோ பச்சைப்பால் யார் வாயிலும் படாது. அவள் மாமியார் பச்சைப்பால் குடித்து மாட்டுக் காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டு, படுத்த படுக்கையிலிருந்து எழாமலே போனவள். அன்றிலிருந்து காய்ச்சாத பால் அந்த வீட்டில் விஷம். பால்மாவு மட்டும் வானத்திலிருந்தா வந்தது? அதுவும் பால்தானே! கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, மாவைக் கரைத்து, பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை தூவி, சாணவரட்டித் தீயில் கிளறிக்கொண்டே இருப்பாள். ஓரம் பழுப்பேறி வீடு முழுக்கக் கமகமவென்று மணக்கும். பிறகு இறக்கி ஆறவைப்பாள். விரல் விட்டுப் பார்த்து இளஞ்சூடானதும் வாளியில் ஊற்றி, அதே விரலைக் கன்றின் வாயில் கொடுத்துக் குடிக்கப் பழக்குவாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறோம் என்றுதான் நினைத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"பெத்த மகனுக்குக்கூட இப்படிக் காய்ச்சிக் குடுக்கல நீ," என்பார் எசன்குல், அடுப்போரம் குளிர் காய்ந்தபடி.

"அவன் என்ன பால் கறக்கவா போறான்?"

கன்று குடித்தது. மடமடவென்று குடித்தது. அதுதான் கொடுமை. குடித்த பால் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாய்த் தெரிந்தது. மயிர் சொரசொரத்தது. கழிச்சல் வேறு பிடித்துக்கொண்டது. அனிப்பாவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: பாலில் கிருமி, காய்ச்சியது போதவில்லை. இன்னும் நேரம் காய்ச்சினாள். இரண்டு சிட்டிகையாகப் போட்டாள். தன் பழைய கம்பளிச் சட்டையைக் கன்றுக்கு மாட்டிவிட்டாள். கன்று சட்டைக்குள் சுருங்கிக்கொண்டே போனது.

பெர்மெத் மறுபடி வந்தபோது கன்று படுத்திருந்தது. கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள், தொடையைத் தடவினாள். கையில் எலும்புதான் தட்டியது. வீட்டுக்குள் வந்தவள் கொப்பரையைப் பார்த்து நின்றுவிட்டாள். அடியில் பழுப்பாய் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"அத்தை, இதைக் கொதிக்கவா வெச்சீங்க?"

"பின்னே? பச்சையாவா குடுப்பாங்க?"

"ஐயோ! அது ஏற்கெனவே சுத்தம் பண்ணின மாவு அத்தை. கொதிச்சுப் பழுப்பானா அந்தச் சத்து பால் சர்க்கரையோட ஒட்டிக்கும். கன்னு வயித்துல பிரியவே பிரியாது, அப்படியே வெளிய போயிடும். நான் போட்ட சத்தைப் பூரா அடுப்புக்குப் போட்டுட்டீங்க."

எசன்குல் சீறினார்.

"மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"இளஞ்சூடுன்னு சொன்னேன் மாமா. காய்ச்சாதீங்கன்னு சொல்லல. தப்புதான்."

"இப்ப சரியாக் குடுத்தா?" என்றாள் அனிப்பா.

"குடுத்துப் பாருங்க," என்றாள் பெர்மெத். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அனிப்பா வெதுவெதுப்பான நீரில் மாவைக் கரைத்தாள். பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை தூவினாள். அடுப்புப் பக்கமே போகவில்லை. நிறம் வெள்ளைவெளேரென்று இருந்தது. தொழுவத்துக்கு ஓடி, கன்றின் தலையை மடியில் வைத்து, விரலை நனைத்து வாயில் கொடுத்தாள்.

"குடிம்மா. இது சரியான பால். குடிடீ என் தங்கமே."

விரலைக் கன்று சப்பவில்லை. நாக்கு குளிர்ந்து கிடந்தது. நனைத்து நனைத்துக் கொடுத்தாள், கடைவாய் வழியாக வழிந்தது. பெர்மெத் குனிந்து விலாவில் காது வைத்துக் கேட்டாள். பிறகு மெதுவாக அந்தக் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள். அனிப்பா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும். குளிருது."

கன்றைப் புதைத்தார்கள். பெர்மெத்தின் வண்டி போனது. வாளியில் பால் அப்படியே இருந்தது.

பால் என்கிற வெள்ளையைத் தரையில் கொட்டுவது பாவம். அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாய்க்கு ஊத்து," என்றார் எசன்குல்.

"அது கன்னோட பங்கு. நாய்க்கா?"

வேறு வழியில்லாமல் கொப்பரையில் ஊற்றினாள், அடுப்பை மூட்டினாள். மனிதர் குடிப்பதென்றால் காய்ச்சித்தானே ஆகவேண்டும். பால் பொங்கியது, ஓரம் பழுப்பேறியது, வீடு முழுக்க மணந்தது. தேநீரில் ஊற்றிக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள்.

எசன்குல் ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு குடித்தார்.

"நல்லாயிருக்கு," என்றார், பாவம், ஆறுதலாகத்தான்.

"நல்லாத்தான் இருக்கும். தெனம் ருசி பார்த்துத்தானே குடுத்தேன்," என்ற அனிப்பா தலைத்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மகனுக்குப் போன் போட்டாள்.