பாதி இறக்கிய ஜமுக்காளம்

தீனதயாளனுக்குக் கடை நடத்தத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. மூடுவதில் கெட்டிக்காரன். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை என மூன்று ஊரிலும் அப்பா ஆதிமூலம் வைத்துவிட்டுப் போன ஜவுளி ஸ்டோர்ஸ் அவன் கைக்கு வந்தது. மெட்ராஸில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்தவன், இனி தன்னை எம்.டி. என்றுதான் கூப்பிட வேண்டும் என்றான். மூன்று கடைகளின் இரும்பு ஷட்டரையும் பிடுங்கிக் காயலான் கடையில் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவு மாட்டினான். ஏசி வந்தது. புடவை விரிக்கிற பாய் போயிற்று. பேரம் பேசக் கூடாது என்று போர்டு தொங்கியது. கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் வாய் நிறைய வரவேற்ற அவன் அம்மா ராணியம்மாளை, வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டான்.

கள்ளக்குறிச்சிக் கடையில் பதினெட்டு வருஷம் பாயில் உட்கார்ந்து புடவை விரித்த கொளஞ்சியப்பனை டையைக் கட்டி நிற்க வைத்தார்கள். முட்டி வலியில் உயிர் போயிற்று. நின்று என்ன, ஆள் வந்தால்தானே? மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் வாசல் வரை வந்து, “கதவு சாத்திக்கினு இருக்குது, இன்னிக்கு லீவு போல” என்று எதிரே காசிநாதன் கடைக்குப் போனார்கள்.

“இந்த மாசமும் யாவாரம் கம்மின்னா கள்ளக்குறிச்சிக் கடைய மூடிடுவேன்” என்றான் எம்.டி. ஐம்பது வயதில் புடவையை விட்டால் கொளஞ்சியப்பனுக்கு வேறு என்ன தெரியும்?

அந்த எண்பத்தேழு புரட்டாசியில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலைக்குச் சாலை மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். சரக்கைப் பார்க்கப் போன எம்.டி. உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டான். கடைத்தெருவில் எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். போராட்டக்காரர்கள் கேட்டால் கடை மூடியிருக்கிறது, குனிந்தால் வியாபாரம் நடக்கிறது. இது ஊரே அறிந்த ஏற்பாடு. எம்.டி.யின் கண்ணாடிக் கதவு மட்டும் எதற்கும் ஒத்து வரவில்லை. திறந்திருந்தால் மூடின மாதிரி இருந்தது, மூடினால் திறந்த மாதிரி இருந்தது. எப்போது கல் விழுமோ என்று பயம் வேறு.

கொளஞ்சியப்பன் யோசித்தார். டையைக் கழற்றிக் கடாசினார். பெரிய பவானி ஜமுக்காளம் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே பாதி வரை தொங்கவிட்டார். கதவை அகலத் திறந்து கட்டி, பரணிலிருந்த பாயை இறக்கி விரித்தார்.

பத்து நிமிஷத்தில் ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது. பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட வெள்ளிமலை முனியன். ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம். பின்னாலேயே சொந்தக்காரர்கள் ஒன்பது பேர்.

“கட தொறந்துதான் இருக்குதா?”

“வாங்க, ஒக்காருங்க. இன்னா கலர்ல காட்டட்டும்?”

பேரம் பேசினார்கள். கொளஞ்சியப்பன் கோபித்துக்கொண்டார், சிரித்தார், குறைத்தார். மரங்களைத் தாண்டி நடந்தும், வரப்பில் சைக்கிளை உருட்டியும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒரு வாரத்தில் அலமாரி பாதி காலி. கடை பிழைத்துவிட்டது என்று அந்த மனுஷன் சந்தோஷத்தில் பாயிலேயே கொஞ்சம் அழுதார்.

எட்டாம் நாள் எம்.டி. வந்து சேர்ந்தான். ஜமுக்காளத்துக்கு அடியில் குனிந்து, தன் கடைக்குள்ளேயே தவழாத குறையாக நுழைந்தான். பாயைப் பார்த்தான்.

“யாரக் கேட்டு இதெல்லாம்?”

“சரக்கு வித்துடுச்சிங்க…”

“கடை மானம் போச்சே! நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

மற்ற இரண்டு கடைகளில் அந்த வாரம் ஒரு கைக்குட்டைகூட விற்கவில்லை என்று கணக்குப்பிள்ளை மெல்லச் சொன்னார். “அங்க டிசிப்ளின் இருந்துச்சு” என்றான் எம்.டி.

கொளஞ்சியப்பன் தெருவைக் கடந்தார். காசிநாதன் ஒன்றும் கேட்காமல் பாயில் இடம் காட்டினார்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். ராணியம்மாள். கொளஞ்சியப்பன் பதறி எழுந்தார்.

“அம்மா, நீங்க இங்க…”

“நம்ம கடைக்குத்தாம்பா மொதல்ல போனேன். அரை மணி நேரம் நின்னேன். எல்லாம் புது ஆளுங்க, எவனும் ஒக்காருன்னு சொல்லல.”

கொளஞ்சியப்பன் பாயைத் துண்டால் தட்டிவிட்டார்.

“ஒக்காருங்கம்மா” என்றார்.

ராணியம்மாள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். “அந்தப் பச்சைய எடு. வெலைய மட்டும் பாத்துச் சொல்லு.”