கதிரடிப்புக்கு ஆள் வராத வியாழக்கிழமை

இருபது பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு ஒருவர்கூட வராவிட்டால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? கெஸியா டெஸ்கியைக் கேட்டால் சொல்வாள். கொப்பரையில் பன்றித் தொடை வெந்து ஆறிக்கொண்டிருந்தது. மேசையில் பன்னிரண்டு ரொட்டி. வெளியே களத்தில் கதிரடிக்கும் மிஷின் முந்தின நாள் சாயங்காலமே வந்து நின்றுவிட்டது. அதை ஓட்டும் நீராவி எஞ்சின் இருட்டோடு மூட்டப்பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. ஓட்ஸ் கதிர்ப் போர் இரண்டும் தார்ப்பாய் விலக்கித் தயாராக நின்றன. மணி ஒன்பது. களத்தில் ஈ காக்கை இல்லை.

அந்தப் பக்கம் கதிரடிப்புக்குக் கூலி என்ற பேச்சே கிடையாது. உன் களத்துக்கு நான், என் களத்துக்கு நீ, நடுவில் வயிறு நிறையச் சோறு, அவ்வளவுதான். அவள் புருஷன் ஆடம் இருந்தவரை நாள் குறிப்பது, ஆள் சொல்வது எல்லாம் அவன் பாடு. மார்ச்சில் நெஞ்சுவலி வந்து ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்தான். இது அவளாகக் குறித்த முதல் கதிரடிப்பு. 'புதன்கிழமை சாயங்காலம் மிஷின் வருது' என்று தபால்காரனிடம் சொல்லி வீடு வீடாகத் தகவல் அனுப்பினாள். அது போதும். மிஷின் வந்த வீட்டுக்கு மறுநாள் விடிந்ததும் ஆள் வரும், இது குழந்தைக்கும் தெரியும்.

மிஷின்காரன் வெஸ்லி ருட்டில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன், இவர்கள் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவன்தான். வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா நாளைக்கு ஷானஹன் வீட்டுல இருக்கணும். அப்புறம் வரிசையா ஆறு வீடு. இன்னிக்கு விட்டா நான் திரும்பி வர கிறிஸ்துமஸ் தாண்டிடும்."

"அதுக்குள்ள போர் மக்கிடும் வெஸ்லி. இப்பவே உள்ள கை வச்சா சுடுது."

"அதான் சொல்றேன். ஆளு எங்க?"

ஆளு எங்க. காலையிலிருந்து கெஸியா தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. போர் மக்கினால் மாடு பட்டினி, அடுத்த வருஷம் விதை இல்லை, நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கத்தோலிக்க ஊர் திரும்பவும் முகத்தைத் திருப்பிக்கொண்டதா?

ஐந்து வருஷத்துக்கு முன்னால், நாட்டுக்காரர்களே நாட்டுக்காரர்களைச் சுட்டுக்கொண்டிருந்த கோடையில், ஏழு பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு இதே வாசலில் வந்து நின்றார்கள். ஒரு வாரத்தில் ஊரைக் காலி பண்ணு என்றார்கள். போகும்போது வைக்கோல் கொட்டகையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டான். சுற்றுவட்டாரத்தில் பாதிப் புராட்டஸ்டண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எண்ணினால் பதினான்கு தலை, அதில் கவைக்கோல் தூக்கக்கூடிய தோள் மூன்று. ஆடம் மட்டும் அசையவில்லை. வந்த ஏழு பேர் யார் என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று, அதுதான் விஷம். வெளியூர்க்காரர்கள் என்று ஆடம் அடித்துச் சொன்னான். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. பால் ஊற்றப் போன இடத்தில் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்தால், இவனாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டுப் போகும். அப்புறம் சிரித்துப் பேசுவாள்.

போன மாதம் அந்தப் பயம் மறுபடி கிளம்பியது. ஊருக்கு ஆகாத பழைய ராஜாங்கத்தின் பட்டாளத்தில் சேர்ந்து செத்த தம்பிக்காகக் கோட்டில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பயல் அதைப் பிடுங்கிக் காலால் தேய்த்தான். தெருவில் நின்ற தெரிந்த முகங்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்துக் கடைக் கண்ணாடியில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

"வரமாட்டானுங்க," என்றாள் லவீனியா. ஆடமின் அக்கா, கல்யாணம் ஆகாதவள், அறுபது வயது. இரண்டு பெண்களும்தான் இப்போது அந்த வீட்டில். "அவங்க சாமியார் ஞாயித்துக்கிழமை பூசையில ஏதோ சொல்லியிருப்பார். ஒரு வார்த்தை போதுமே, ஆட்டு மந்தை."

"சும்மா இருங்க மதினி."

"நான் சும்மாதான் இருக்கேன். இருபது பேரு சோத்தை நீயும் நானும் ஈஸ்டர் வரைக்கும் சும்மா உக்காந்து திங்கலாம்."

அப்போது கத்தோலிக்கக் கோயில் மணி அடித்தது.

வியாழக்கிழமை காலையில் எதற்கு மணி? சாவு என்றால் விட்டு விட்டு அடிக்கும். இது விடாமல் அடித்தது, கூட்டம் சேர்க்கிற மணி. கெஸியா கைத் துணியை முறுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கீழே சாலையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டு, துடைத்த பூட்ஸ், கும்பல் கும்பலாக ஆண்கள். வேலை உடுப்பில் ஒருத்தன் இல்லை. ஒருத்தனும் இவள் பாதைப் பக்கம் திரும்பவில்லை.

வெஸ்லி பொறுமையிழந்து எஞ்சின் விசிலை இழுத்தான். கதிரடிக்கு வாருங்கள் என்று கூப்பிடும் விசில், மூன்று முறை. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. சாலையில் போனவர்கள் அப்படியே நின்றார்கள். எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் இவள் வீட்டை நோக்கி நிமிர்ந்தன. ஒரு பெண்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு மூன்று ஆண்களும் போட்டுக்கொண்டார்கள், பிண வண்டி எதிரே வந்தால் போடுவதுபோல. பிறகு நடந்து போய்விட்டார்கள்.

கெஸியா ஜன்னலைவிட்டுப் பின்வாங்கினாள்.

"பாத்தீங்களா மதினி? நம்மள பாத்து சிலுவை போடுறாங்க."

லவீனியா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். 

வெஸ்லி, ஷானஹன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தான். இன்றைக்கே அங்கே வேலையைத் தொடங்கலாமா என்று கேட்கத்தான். வேண்டாம், போகாதே, எங்களைத் தனியாக விடாதே என்று சொல்ல கெஸியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. எப்படிச் சொல்வது? அவன் போனதும் கொல்லைக் கதவைத் தாழிட்டாள். ஆடமின் துப்பாக்கியை அந்த ஏழு பேர் அன்றைக்கே கொண்டுபோய்விட்டார்கள். அடுப்புக் கம்பியை எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒரு தடவை நிஜப் பேயையே பார்த்தவளிடம் போய் அதை யார் சொல்வது?

பத்தரை மணிக்கு அவர்கள் வந்தார்கள்.

ஐந்து பேர். கறுப்புக் கோட்டு, கையில் தடி. களத்தில் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவன் போருக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். பிறகு ஐவரும் சேர்ந்தாற்போல வாசலுக்கு நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் மலக்கி லிஸ்டன், அடுத்த நிலத்துக்காரன். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரிந்தவன். ஆடமின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து புராட்டஸ்டண்டு கோயில் வாசல்வரை கொண்டுவந்தவன். உள்ளே வர அவன் மதத்தில் அனுமதி இல்லை. ஆராதனை முடியும்வரை மழையில் நின்றிருந்தான்.

கதவு தட்டப்பட்டது.

"தங்கச்சி, நான்தான். கதவைத் திற."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தட்டியவனும் முதலில் நல்ல குரலில்தான் பேசினான். அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"எதுக்குத் திறக்கணும்?" அது அவள் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. "போன தடவை மூஞ்சியில துணி கட்டிட்டு வந்தீங்க. இப்ப அதுவும் தேவையில்லைன்னு ஆயிடுச்சா? சாமியார்கிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டு பட்டப்பகல்லயே வந்துட்டீங்களா? ஆம்பளை இல்லாத வீடுன்னுதானே வந்தீங்க, திருட்டு நாய்ங்களா!"

"கெஸியா, வேண்டாம்," என்றாள் லவீனியா மெதுவாக. அவள் நிறுத்தவில்லை.

"போரைக் கொளுத்தணுமா, கொளுத்துங்க! வீட்டை மட்டும் விட்டுடுங்க. டேய் மலக்கி, அன்னிக்கு தீப்பெட்டி உன் கையிலதானே இருந்துச்சு? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அஞ்சு வருஷமா உனக்கு டீ ஊத்திக் குடுத்துட்டு, நீதான் நீதான்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்டா!"

 வெளியே எஞ்சின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. ஓட்ஸுக்கும் அதே கணக்குத்தான்.

கடைசியில் மலக்கி பேசினான். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"இன்னிக்கு மாதா திருநாள். டிசம்பர் எட்டு. எங்களுக்குக் கடன் திருநாள், ஞாயித்துக்கிழமை மாதிரி. பூசைக்குப் போகணும், வேலை செய்யக் கூடாது. நாள் குறிக்கறதுக்கு முன்னாடி ஆடம் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவான். புதன்கிழமை மிஷின் வருதுன்னு தகவல் வந்ததும், வெள்ளிக்கிழமை கதிரடின்னு நாங்களா எடுத்துக்கிட்டோம். இந்த நாள் தெரியாம ஒரு வீடு இருக்கும்னு யாருக்கும் தோணலை. எங்க தப்புதான். விசில் கேட்டப்பறம்தான் புரிஞ்சுது; திருநாள்ல வேலை விசிலான்னு பதறித்தான் சிலுவை போட்டுக்கிட்டாங்க."

அவள் தாழ்ப்பாளை விலக்கினாள். 

ஐந்து பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பின்வரிசையில் ஷானஹன், தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெஸ்லி போட்ட வரிசையில நாளைக்கு இவன் வீட்டு முறையாம்," என்றான் மலக்கி. "போர் சூடேறுதுன்னு பாத்துட்டு அவன் தன் நாளை இந்த வீட்டுக்கு விட்டுக் குடுத்துட்டான். அதைச் சொல்லத்தான் வந்தோம். விடிஞ்சதும் ஆளு வந்துடும்."

"மலக்கி அண்ணே..." என்றாள். "அண்ணே, நான் பயந்து போய்... அந்தப் பயத்துல..."

"உள்ள குளிர் போகுது. கதவைச் சாத்திக்கோங்க," என்றான் அவன். தொப்பியை வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

அன்று பகல் முழுவதும் அவள் அழுதாள். சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, அவர்களுக்குச் சுத்த போசன நாள், கறி தொடமாட்டார்கள். இந்தத் தடவை அது ஞாபகம் இருந்தது. பன்றித் தொடையைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு, உப்பு மீனை ஊறவைத்தாள். அறுபது முட்டை அவித்தாள். கூடுதலாக ஒரு பாத்திரம் வெண்ணெய் கடைந்தாள். லவீனியா ஒரு குத்தல் பேச்சும் இல்லாமல் கூடவே நின்று உருளைக்கிழங்கு கழுவினாள்.

விடியலில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அப்படி ஒரு வேலையை அந்தக் களம் பார்த்ததில்லை. கதிரை ஏற்றுகிறவன், கட்டு அறுக்கிறவன், மூட்டை பிடிக்கிறவன், ஒருவன் கை ஓயவில்லை. ஒரு மணி சிந்தவில்லை. ஆனால் வழக்கமாகக் கதிரடிக் களத்தில் நடக்கும் கேலி, ஒருவன் முதுகில் ஒருவன் எலியைப் போடுவது, பாட்டு, எதுவும் இல்லை. வெஸ்லிகூட இரண்டு தடவை, என்ன சங்கதி என்பதுபோல வீட்டுப் பக்கம் பார்த்தான்.

மத்தியானம் எஞ்சின் நின்றது. கெஸியா வாசலில் வந்து, சாப்பாடு தயார் என்று கூப்பிட்டாள். வெஸ்லி மட்டும் கை கழுவிக்கொண்டு உள்ளே போனான். மற்றவர்கள் தூறலில் வேலியோரமாக வரிசையாக உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார்கள். காய்ந்த ரொட்டி. பாட்டிலில் ஆறிப்போன டீ.

அவள் ஒரு தட்டு நிறைய முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டியுமாக அவர்களிடமே போனாள். இருபத்திரண்டு பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

"அண்ணே, கறி இல்லை. முட்டையும் மீனும்தான் பண்ணியிருக்கேன். உள்ள வாங்க. மழையில நனையறீங்க."

"வேண்டாம், மிஸஸ் டெஸ்கி," என்றான் மலக்கி. "சாப்பாடு கொண்டு வந்துட்டோம். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

மிஸஸ் டெஸ்கி. உங்களுக்கு. இருபத்தாறு வருஷமாக அவளைத் தங்கச்சி, நீ, வா, போ என்று கூப்பிட்ட வாய். தட்டு கையில் கனத்தது.

"என்னை மன்னிக்க மாட்டீங்களா?"

"மன்னிக்கிறதுக்கு என்னங்க இருக்கு? பயத்துல வந்த பேச்சு. எங்களுக்குப் புரியாமலா இருக்கும்?" உண்மையாகவே கோபம் இல்லாமல்தான் சொன்னான். கிழவனின் கண் கலங்கியிருந்தது.

"அப்ப அடுத்த வருஷம்... அடுத்த வருஷமும் வருவீங்கதானே?"

"கூப்பிட்டா வருவோம், மிஸஸ் டெஸ்கி. கூப்பிட்டா வராம இருக்க நாங்க என்ன மிருகமா?"

அவர்கள் மறுபடி உட்கார்ந்து ரொட்டியைக் கடிக்க ஆரம்பித்தார்கள். அவள் தட்டோடு நின்றாள். கூப்பிட்டால் வருவார்கள். கூப்பிடாமல் இனி ஒருத்தரும் அந்தக் கதவைத் தட்டப் போவதில்லை. ஐந்து வருஷமாக யாராவது வந்துவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, மழையில் நின்ற அந்த நிமிஷத்தில், அதைவிடப் பெரிய நடுக்கம் எடுத்தது.