பிறந்த வீட்டுக் கோடி

"கைய எடுங்க மாமா," என்றாள் தாரணி.

சுப்பிரமணியம் மாமா எடுக்கவில்லை. இறந்துகிடந்த அம்மாவின் நெற்றியைத் தொடப்போன அவளுடைய குங்கும விரலை மடக்கிப் பிடித்திருந்தார். புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"புருசன் போயி இருபது வருசமாச்சு. அவளுக்கு என்னடி பொட்டு?"

அவருடைய இன்னொரு கையில் வெள்ளைக் கோடி. பிறந்த வீட்டுச் சீராக அண்ணன் போர்த்த வேண்டிய புதுச்சேலை. அதற்காகவே ஊரிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார். உயிரோடு இருந்த தங்கையைத் தலைமுழுகியவரும் இவர்தான். எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை.

அம்மா சந்திரமதி அறுபது வயதில் அந்தப் படத்தில் நடித்தார். சின்ன ஊரில் ஒரு விதவை. பக்கத்துத் தெருக்காரரைப் பிடித்துப்போகிறது. அவரோடு படுத்ததை ஒளிக்காமல் சொல்கிறாள். ஊரே கதவைச் சாத்துகிறது. நாலைந்து பேர் கைக்காசைப் போட்டு எடுத்த படம். ஜாலான் புசாரில் ஒரு சிறிய அரங்கில் திரையிட்டபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மாவின் சொந்த ஊரில் பாதிப் படத்திலேயே திரையைக் கிழித்தார்கள். கிழித்தவர்களில் முன்னால் நின்றவர் மாமா. கைபேசியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நடிச்சதுக்கே இந்தக் குதி குதிக்கிறானுங்களே. நெசமாவே வாழ்ந்திருந்தா என்னடி பண்ணிருப்பானுங்க?"

சிரித்து முடித்தபின் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பொட்டும் கலர்ச் சேலையுமாக அனுப்பு என்று மருத்துவமனையில் கேட்டிருந்தார். அதையாவது செய்யாமல் இவள் என்ன மகள்?

"அம்மா கேட்டது கலர் சேல. வெள்ள வேணாம்."

"அப்ப கோடி கெடையாது. பொறந்த வீட்டுக் கோடி விழாம எப்படித் தூக்குறீங்கன்னு பாக்குறேன்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மார்சிலிங்கிலிருந்து வந்திருந்த விசாலாட்சி சின்னம்மா. அம்மாவின் தங்கை, அவரும் கணவனை இழந்தவர். படம் வந்த நாளிலிருந்து அக்காவோடு பேச்சில்லை. இவர் வேறு சேர்ந்து ஆடப்போகிறாரா என்று தாரணி பல்லைக் கடித்தாள்.

சின்னம்மா பையிலிருந்து ஒரு கருஞ்சிவப்புச் சேலையை எடுத்தார். காலையில் தேக்கா கடைத்தெருவில் வாங்கியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"அவ கைய விடுண்ணே."

"உனக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"நானும் அந்த வீட்டுல பொறந்தவதான். கோடி நான் போடுறேன்." விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டார். "அவகூடப் பேசாம இருந்தேன், வாஸ்தவம். ஆனா யாருக்கும் தெரியாம படத்த மூணு தடவ பாத்தேன்."

மாமாவின் பிடி தளர்ந்தது. தாரணி வேண்டுமென்றே பெரிதாகப் பொட்டு வைத்தாள். சின்னம்மா சேலையை விரித்து, அக்காவின் கழுத்துவரை போர்த்தி, சுருக்கங்களை நீவிவிட்டார். பிறகு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பஸ் காத்துக்கிட்டு இருக்கு லா, ஏறுங்க," என்றார் இறுதிச்சடங்கு நடத்துபவர்.

மண்டாய் தகனச்சாலைக்குப் போகும் பேருந்தில் மாமாவும் ஏறி, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார். சின்னம்மா கடைசியாக வந்தார். படியருகே ஒரு கூடையில் மல்லிகைச் சரம் மிஞ்சிக் கிடந்தது. அதில் ஒரு முழம் கிள்ளித் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, மாமாவுக்கு நேர் முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தார்.

மண்டாய்க்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.