தலைக்குள் ஒரு தண்ணீர்த் திருட்டு

குற்றாலலிங்கம் பிள்ளை மூக்குப்பொடி போட்டுத் தும்மினால் கல்லிடைக்குறிச்சியில் காயப்போட்ட அப்பளம் அம்பாசமுத்திரத்தில் போய் விழும். பொறுக்கிப் பொரித்துத் தின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளலாம்.

கன்னடியன் கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் பங்கிடுவது அவர் வேலை. முறை தப்பி மடையைத் திறந்தவன் சொந்த மைத்துனனே ஆனாலும் விடமாட்டார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மகளுக்குக் கல்யாணம். மறுவீட்டு விருந்துக்கு அவர் மனைவி கோமு தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தாள். சம்பந்திகள் இலையையும் சேர்த்துத் தின்றுவிடுவார்கள்போல இருந்தது. பிள்ளை மட்டும், "சப்புன்னுல்லா இருக்கு" என்று பந்தியிலேயே சொன்னார். ஒரு சிட்டிகை பொடியை இழுத்துவிட்டு, "இப்பம் தேவலை" என்றார். அன்றோடு கோமு பேச்சை நிறுத்தினாள்.

அவளைப் பேசவைக்க வழி தெரியாமல், தன் நாக்கில்தான் கோளாறு என்று டாக்டர் அனுராதாவிடம் நீட்டினார்.

"நாக்குல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மூளையில அசிட்டைல்கோலின்னு ஒரு மடைக்காரன் உண்டு. அவன் தொறந்தா டோபமின் பாயும். அது பாஞ்சாத்தான் எதுலயும் ஒரு பிடிப்பு வரும். பொடியில இருக்க நிக்கோட்டின்கிட்ட அதே மடைக்குக் கள்ளச்சாவி இருக்கு. ஓயாம தொறந்தா மடை மரத்துப்போகும். பெறவு உங்க ஆளே வந்தாலும் லேசுல அசையாது."

பிள்ளைக்கு மீசை துடித்தது. ஊரான் வயலுக்கெல்லாம் காவல் நின்றவன் தலைக்குள்ளேயே திருட்டா?

நேரே தாஜ் முகம்மதின் பொடிக்கடைக்குப் போனார்.

"தண்ணியா திருடுதீரு வே?"

"யா அல்லா! எங்கிட்ட ஒரு கிணறுகூட கிடையாதே அண்ணாச்சி! ஒரு சிட்டிகை போட்டுட்டு நிதானமா ஏசுங்க."

டப்பா நீண்டது. பிள்ளையின் கையும் தானாக நீண்டது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "பாத்தீரா! என்னைக் கேக்காம என் கையைத் தொறந்துவிட்டது எவன் வே?" இடுப்பிலிருந்த தன் டப்பாவை உருவிக் கால்வாயில் வீசினார். கெண்டைமீன்கள் வீரவநல்லூர் வரைக்கும் தும்மிக்கொண்டே போயின.

பொடியில்லாத பிள்ளை கண்ணில் பட்டவரையெல்லாம் ஏசினார். நாய்கள் தெருவை மாற்றிக்கொண்டன. அப்புறம் ஒருநாள் கோமு சொதியை இலையில் ஊற்றி, வாயும் திறந்தாள்.

"எப்படி இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தண்ணீர் வராத வயலுக்கு வந்துவிட்டதென்று அவர் சொன்னதில்லை.

"இன்னும் கடைமடைக்கு வரல கோமு. குத்தம் சொதியில இல்ல. என் மடையிலதான்."

"அதை எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதீய? பந்தியில வச்சுல்லா மானத்தை வாங்குனிய? சம்பந்தி வீட்டுல போய்ச் சொல்லுங்க!"

பிள்ளை எழுந்து சட்டையை மாட்டினார்.

"தின்னுட்டுப் போங்க" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.