கிரெசிடா டிக்கியில் ஒரு பேரம்

மணி நாலேகால். ருஷ்தா பழைய கிரெசிடா காரின் டிக்கிக்குள் இடுப்பு வரை நுழைந்திருந்தாள். வெளியே தெரிந்தது அப்பாவின் பழைய ஓவராலும், அதன் அடியில் இரண்டு வெறுங்கால்களும், அந்தக் கால்களில் காலையில்தான் பூசிய மரகதப் பச்சை நகப்பூச்சும். நேராக்கிய முடி மறுபடி சுருண்டுவிடாமலிருக்கத் தலையைச் சுற்றி அம்மாவின் நைலான் காலுறை ஒன்றை இறுக்கியிருந்தாள். ஆறு மணிக்கு மெட்ரிக் விருந்து, பள்ளிப் படிப்பு முடிகிற கொண்டாட்டம். பன்னிரண்டு வருடம் படித்ததே அந்த வாசலில் காரை விட்டு இறங்குகிற ஒரு நிமிடத்துக்காகத்தான் என்று அவர்கள் ஊரான மிட்சல்ஸ் பிளெயினில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

தெரு ஏற்கெனவே கூடிவிட்டது. கேட்டிலிருந்து சாலை வரை சிவப்புக் கம்பளம். தென்கிழக்குக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடாமலிருக்க நாலு மூலையிலும் நாலு உருளைக்கிழங்கு மூட்டை; அப்பா சமீலின் வியாபாரமே அதுதான், உருளைக்கிழங்கும் வெங்காயமும். மேசையில் சமோசாவும் தேங்காய் தூவிய கூசிஸ்டர் பலகாரமும். பக்கத்து வீட்டு கவா ஆன்ட்டி தன் பிளாஸ்டிக் நாற்காலியை மூன்று மணிக்கே கொண்டுவந்து முதல் வரிசையைப் பிடித்துவிட்டாள்.

"என்னடி ருஷ்தா, மணப்பொண்ணு மாதிரி வருவேன்னு பாத்தா மெக்கானிக் மாதிரி கெடக்கற?"

"ரெண்டும் வரும் ஆன்ட்டி, வரிசையா வரும்!"

இந்த வாய்தான் அவளை இதில் மாட்டிவிட்டதே. ஆறு வாரத்துக்கு முன்னால் மாமா ஒருவர் வெள்ளை மெர்சிடஸை டிரைவரோடு சும்மாவே தருகிறேன் என்றார். ருஷ்தா வேண்டாம் என்றாள். அதோடு விட்டாளா? "நான் என் வண்டியில, என் சத்தத்தோட வருவேன்டா. மொதல்ல கேப்பீங்க, அப்புறம்தான் பாப்பீங்க" என்று வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். இப்போது சத்தம் வராவிட்டால், தன்னைவிட இருபது வயது மூத்த, வெங்காய வாடை அடிக்கும் வெளிர்மஞ்சள் காரில் ஊமைபோலப் போய் இறங்க வேண்டும். அவளோடு ஜோடி சேர்ந்து வரப்போகும் தஷ்ரீக் கோட்டும் சூட்டுமாகச் சுவரோரம் நின்று, வாட்ச்சைப் பார்ப்பதும் அவள் காலைப் பார்ப்பதுமாக இருந்தான்.

வேலையில் குறை வைக்கவில்லை அவள். சனிக்கிழமைகளில் அப்பா கடையில் மூட்டை தைத்த கூலியில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபரும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் வாங்கினாள். பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு ஒயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் துளை. ஒயரைத் தகரம் அறுத்துவிடாமலிருக்கத் துளையில் ரப்பர் வளையம். சிவப்பு ஒயர் இடதுபக்கக் கம்பளத்துக்கு அடியில் போனது. பாட்டு வரும் ஒயர் வலதுபக்கம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் எஞ்சின் முனகுவதெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். எல்லாம் இரண்டு நாள் வேலை. இன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கறுப்பு ஒயர், மின்சாரம் காரின் தகரம் வழியாகத் திரும்பிப் போக எர்த். டிக்கியின் வலது மூலையில் பெயின்டைச் சுரண்டினாள், சாம்பல் நிறம் தெரிந்தது, திருகாணியை முறுக்கினாள், சாவியைத் திருப்பினாள்.

ஆம்ப்ளிஃபையரில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை.

"செத்துப்போச்சா?" என்றாள் கவா ஆன்ட்டி, கூசிஸ்டரைக் கடித்துக்கொண்டே.

ருஷ்தா ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முள்ளைச் சிவப்பு ஒயரிலும் மற்றதைத் திருகாணியிலும் வைத்தாள். பூஜ்யம். சந்தேகம் வந்து இரண்டாவது முள்ளைப் பின் சீட் பெல்ட்டின் போல்ட்டில் வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட், சுளையாக. அப்படியானால் மின்சாரம் வருகிறது. போவதற்குத்தான் வழி இல்லை. ஆனால் கார் பூராவும் தகரம்தானே?

கழற்றிப் போட்டிருந்த பழைய ஸ்பீக்கர் காலருகே கிடந்தது. அதன் பின்புறக் காந்தத்தை டிக்கியின் தரையில் வைத்தாள். டொக்கென்று ஒட்டியது. வலது மூலையில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு போய் மடியில் விழுந்தது. இன்னொரு முறை வைத்தாள். மறுபடி விழுந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த கிரெசிடா ருஷ்தாவின் அம்மா யும்னாவுக்கு அவளுடைய தகப்பனார் விட்டுப்போன சொத்து. சனிக்கிழமைதோறும் யும்னா அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவுவாள். அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடிக்கும் பொறுப்பு மட்டும் சமீலுடையது. "அசல் தகரம்! நகத்தளவு பட்டி கெடையாது இதுல, காந்தத்த வெச்சுப் பாத்துக்கோ!" என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், மையத்து வீட்டிலும் சொல்வார். காந்தத்தை எடுத்து யாரும் வைத்துப் பார்க்காததுதான் அவருடைய அதிர்ஷ்டம்.

"டாடி," என்றாள் ருஷ்தா மெதுவாக. "கொஞ்சம் தலையை உள்ள விடுங்க."

சமீல் தலையை உள்ளே விட்டார். அவள் காந்தத்தை வைத்துக் காட்டினாள். அது விழுந்தது. சமீலின் முகமும் கூடவே விழுந்தது.

"சத்தம் போடாத," என்றார்.

"எப்ப நடந்துச்சு?"

"உன் மம்மி ஹஜ்ஜுக்குப் போயிருந்தப்ப. மார்க்கெட்ல ரிவர்ஸ் எடுத்தேன். கம்பம் ஒதுங்கல."

"கம்பம் ஒதுங்கலயா!"

"கிழிஞ்சத வெட்டி எறிஞ்சுட்டு, ஃபைபர் துணி வெச்சு, பட்டி பூசி, உள்ளயும் வெளியயும் அதே கலர் அடிச்சுக் குடுத்தான் ஒருத்தன். தங்கக் கை அவனுக்கு. பதினொரு வருஷமாச்சு கண்ணு. இன்னிக்குன்னு பாத்து வாயத் தொறந்துடாத."

ருஷ்தா யோசித்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் சரக்கு கையில் இருக்கும்போது விலை பேசாமல் விடுகிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை. வண்டியை ஓட்டப்போவது அப்பா. வால்யூம் நாற்பது வரை போகும். பன்னிரண்டுக்கு மேல் ஒரு புள்ளி போகக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம்.

"வால்யூம் முப்பத்தஞ்சு," என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு? பதினாலு."

"மம்மீ..." என்று டிக்கிக்கு வெளியே பார்த்து இழுத்தாள்.

"பதினெட்டு! பதினெட்டு வெச்சுக்கோ!"

"நான் என்ன அழுகின வெங்காயமா விக்கறேன்? முப்பத்திமூணு."

"இருபது. அதுவும் பார்ட்டி வாசல்ல மட்டும்."

"இருபத்தெட்டு. நம்ம தெருவுலேர்ந்தே. கடைசி வெல, வேணும்னா எடுங்க, இல்லன்னா மம்மிகிட்ட கேட்டுக்கறேன்."

சமீல் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"உங்க கடையிலதான். சனிக்கிழம சனிக்கிழம."

டிக்கிக்குள்ளேயே கைகுலுக்கினார்கள். பேரம் முடிந்தபின் ருஷ்தாவின் கை பறந்தது. சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி, அடியில் வெள்ளியாய் மின்னும்வரை தேய்த்து, கறுப்பு ஒயரை வளையம் போட்டு அங்கே இறுக்கினாள். சாவியைத் திருப்பியதும் பச்சை விளக்கு எரிந்தது.

"ஐயோ, எரியுதுடா!" என்று கத்தியது தஷ்ரீக்தான்.

ஐந்து பத்துக்கு வீட்டுக்குள் ஓடினாள். ஐந்தரைக்கு வெளியே வந்தபோது தெரு ஒரேயடியாகக் கூவியது. மரகதப் பச்சை கவுன் கம்பளத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. காலுறையை விட்டு வெளியே வந்த முடி முதுகில் பட்டாக வழிந்தது. ஆள்காட்டி விரல் நகத்தடியில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். அதைப் பூங்கொத்துக்கு அடியில் மறைத்திருந்தாள். யும்னா கண்ணைத் துடைத்தாள். கவா ஆன்ட்டி நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

ருஷ்தா முன் சீட்டில், தஷ்ரீக் பின்னால், சமீல் ஸ்டியரிங்கில். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா எங்கேயோ பார்த்தார். இருபத்தெட்டு வைத்தாள்.

அமாபியானோ ஆட்டப் பாட்டின் முதல் அடி இறங்கியது. காதுக்கு வருமுன் அது விலாவுக்கு வந்தது. கார்க் கண்ணாடிகள் உறுமின, கேட் கிலுகிலுத்தது, சமோசாத் தட்டு மேசை விளிம்பை நோக்கி நடக்கத் தொடங்கியது, எதிர்வீட்டுக் காரின் அலாரம் தானாகவே அலறியது. பிள்ளைகள் சாலையில் ஆடினார்கள். ருஷ்தா பூங்கொத்தாலேயே டேஷ்போர்டில் தாளம் போட்டாள். இரண்டாவது அடி இறங்கியது. மூன்றாவது அடியோடு வண்டிக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம்.

ரொட்டிப் பலகை அளவுக்கு ஒரு வில்லை சிவப்புக் கம்பளத்தில் கிடந்தது. இரண்டு பக்கமும் வெளிர்மஞ்சள் பெயின்ட்.

யும்னா அதை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். உடைந்த விளிம்பில் ஃபைபர் நூல்கள் தொங்கின. குனிந்து, காரின் மூலையில் தெரிந்த ஓட்டை வழியாக சப்வூஃபர் பெட்டியையே பார்த்தாள். பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"எப்ப?"

"யும்னா, அது வந்து... நீ ஹஜ்ஜுல..."

"அரஃபாத்துல நின்னு உங்களுக்காகவும் சேர்த்துக் கையேந்தி அழுதேன் நான்! நீங்க இங்க பட்டி பூசிக்கிட்டு இருந்தீங்களா? எறங்குங்க."

"நகத்தளவுகூட கெடையாதுன்னாரே," என்றாள் கவா ஆன்ட்டி, நாற்காலி மேலிருந்தபடியே. "யாரோட நகம்? யானையோடதா?"

சமீல் இறங்கினார். யும்னா வில்லையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். எல்லாம் போச்சு, இனி வாயை மூடிக்கொண்டு போய் இறங்க வேண்டியதுதான் என்று ருஷ்தா வால்யூமைக் குறைக்கப் போனாள்.

"யாரு கொறைக்கச் சொன்னா?" என்றாள் யும்னா, கண்ணாடியைச் சரிசெய்தபடி. "எது வரைக்கும் போகும் அது?"

"நாப்பது, மம்மி."

"வை."

கிரெசிடா உறுமிக்கொண்டு முனையில் திரும்பியது. கம்பளத்தின் நடுவில் வில்லையோடு நின்ற சமீலிடம் கவா ஆன்ட்டி தட்டை நீட்டினாள். "ரெண்டு சமோசா எடுத்துக்கங்க சமீல். ராத்திரி சோறு கெடைக்குமோ என்னவோ."

விருந்து மண்டப வாசலில் மெர்சிடஸ்கள் வரிசைகட்டி நின்றன. அவர்கள் இன்னும் இரண்டு தெரு தள்ளி வரும்போதே மொத்த வகுப்பும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. முதலில் கேட்டார்கள், அப்புறம்தான் பார்த்தார்கள்: பின்னால் ஓட்டை விழுந்த ஒரு வெளிர்மஞ்சள் கார், அதற்குள் பச்சை கவுன், ஸ்டியரிங்கில் தலைமுக்காடு போட்ட ஓர் அம்மா. போன்கள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின. யாரோ "ருஷ்தா! ருஷ்தா!" என்று கத்தத் தொடங்க, வாசலே கத்தியது.

ருஷ்தா கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"இரு," என்றாள் யும்னா, கியரை மாற்றிக்கொண்டே. "அந்த மூலையில நிக்கறவங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. இன்னொரு சுத்து போயிட்டு வருவோம்."