அண்ணனிடம் கேட்காத கேள்வி

வாயே திறக்காதவனையும் பேச வைத்துவிடுவார் டெக்லன் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்வார்கள். டப்ளினில் நிருபராகத் தொடங்கியவர், இரண்டாம் உலகப் போரில் படைகளோடு அலைந்து போர்ச் செய்தி எழுதினார். போர் முடிந்தபின் நார்மண்டியில் கரையிறங்கிய சிப்பாய்களைத் தேடித் தேடிப் பேட்டி கண்டு, தடித்தடியாகச் சரித்திரப் புத்தகங்கள் போட்டார். எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்விதான்: "அன்னிக்கு விடியக்காலைல உங்க பக்கத்துல யாரு நின்னா?" அதற்குக் கல்லும் கரைந்துவிடும்.

அதே கரையில் அவருடைய அண்ணன் மலக்கியும் இறங்கியிருந்தார். ஆனால் சொந்த ஊரான அயர்லாந்தின் ரோஸ்காமனில், தங்களை அடக்கி ஆண்ட பிரிட்டிஷ்காரனின் சீருடை போட்டவர் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார், ஊரும் விடாது. டெக்லனும் கேட்கவில்லை. அண்ணன் மனம் நோகக் கூடாது என்று பெருந்தன்மை பேசிக்கொண்டார். உண்மையில் பயம்.

இப்போது மலக்கி முன்னறையில் சவப்பெட்டிக்குள் கிடந்தார். கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். தேநீரும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் கைமாறின. அந்த ஊர்ச் சாவு வீட்டு வழக்கப்படி வந்தவர்கள் இறந்தவரைப் பற்றி ஆளுக்கொரு வேடிக்கைக் கதை சொன்னார்கள். சந்தையில் விற்ற பசு மலக்கிக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்த கதைக்கு வீடே சிரித்தது.

"அடுத்தது நம்ம எழுத்தாளர்!" என்றான் பக்கத்துப் பண்ணை டொமினிக். "ஊரு உலகத்துச் சிப்பாய் கதையெல்லாம் அத்துபடி. அண்ணன் கதை ஒண்ணை எடுத்து விடுங்க, பாப்போம்!"

டெக்லன் வாயைத் திறந்தார். சின்ன வயதில் அண்ணனோடு பாதிரியார் தோட்டத்தில் ஆப்பிள் திருடியது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அந்நியர்.

அண்ணி அட்ராக்டா தட்டைக் கீழே வைத்தாள். "நீ கிறிஸ்துமஸுக்கு வர்ற அன்னிக்கெல்லாம் அந்த மனுஷன் காலைலயே சவரம் பண்ணிட்டு உக்காந்திருப்பாரு, தெரியுமா? 'இந்தத் தடவை தம்பி கேப்பான்'னுவாரு. நீ யார் யாரோ சொன்னதைப் பேசிட்டு ரயிலேறிடுவே."

"கேட்டா கோவிச்சுப்பாருன்னு நெனைச்சேன், அண்ணி."

"கோவிச்சிருப்பாரு. அப்புறம் சொல்லியிருப்பாரு."

டொமினிக் தொப்பியைக் கழற்றினான்.

டெக்லன் நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெபமாலை சுற்றிய கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது.

"அண்ணே," என்றார். "அன்னிக்கு விடியக்காலைல உன் பக்கத்துல யாரு நின்னா?"

பழக்கதோஷம், பதிலுக்காகக் காத்திருந்தார்.