இறங்க மறுத்த விலா எலும்பு

தவராஜாவால் மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது. வெளியே விடும்போதுதான் அது பாதியில் நின்றது. இடது மார்பின் மேற்பகுதியில் ஏதோ ஒன்று தூக்கியபடியே நின்றுகொண்டு கீழே வர மறுத்தது.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. பிராண்டே என்ற டேனிஷ் ஊருக்கு வெளியே, பழுதான காற்றாலை இறக்கைகளைத் திருத்தும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்தார். இறக்கையின் உள்ளே வெறும் கூடு; அதன் அடிப்பக்கத்தில் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும், பிறகு தவழ வேண்டும், கடைசியில் வயிற்றால் ஊர வேண்டும். ஒல்லியான உடம்பு என்பதால் அந்தக் கடைசிப் பகுதி எப்போதும் அவருக்குத்தான்.

பெப்ரவரியில் ஒருநாள், அங்கே ஒரு வெடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சிக்கிக்கொண்டார். இரண்டு கைகளும் தலைக்கு முன்னால் நீட்டியிருந்தன. இடுப்புப் பட்டி பின்னால் எதிலோ மாட்டிக்கொண்டது. முன்னே நகரவும் வழியில்லை, பின்னே வரவும் வழியில்லை. கத்துவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். நெஞ்சு சுவரோடு இறுகியது. சத்தம் வரவில்லை. நெடுநேரமாகியும் அவர் திரும்பாததால் மேற்பார்வையாளர் பிறேபன் முடிந்தவரை உள்ளே ஊர்ந்து வந்து, கையை எட்டிப் பட்டியை அறுத்து, காலைப் பிடித்து முறுக்கி இழுத்தார். வெளியே வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். தவராஜாவும் சிரித்தார். வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் மூச்சு நிற்கத் தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. கதிரையில் இருந்தபடியே தூங்கினார். மாரடைப்பாக்கும் என்று பயந்து மனைவி சுஜாந்தினி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். இதயத்தைப் பரிசோதித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மன அழுத்தமாக இருக்கலாம் என்றார் டொக்டர்.

"படத்திலை ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டினம்தானே, பிறகேன் பயப்பிடுறியள்?" என்றாள் சுஜாந்தினி.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் இனி யாரிடமும் போய் நோகிறது என்று சொல்ல முடியாது என்றுதான் அவருக்குப் பட்டது. இதற்கிடையில் பட்டறைக்கு இன்னோர் இறக்கை வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை உள்ளே இறங்க வேண்டும் என்று பிறேபன் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சுஜாந்தினி அவரை ஹொல்ஸ்டெப்ரோ நகருக்குக் கூட்டிப்போனாள். அங்கே சாரங்கி என்ற தமிழ்ப் பெண், எலும்பையும் தசையையும் கையாலேயே சீராக்கும் ஒஸ்டியோபதி சிகிச்சை செய்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சுஜாந்தினி வெளியே இருந்தாள்.

சாரங்கிக்கு முப்பது வயதிருக்கும், அந்த ஊரிலேயே பிறந்தவள். முதலில் ஆஸ்பத்திரி முடிவுகளைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு அவரைச் சேர்ட்டைக் கழற்றச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தாள். விரல்களை மெல்ல முதுகில் ஓட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இந்த இடம் வெக்கையா இருக்கு. கீழை தசை கயிறு மாதிரி இறுகிக் கிடக்கு." கொஞ்சம் அழுத்தினாள். தவராஜா துள்ளினார். "நோகுதோ? சரி. இப்ப மூச்சை விடுங்கோ அங்கிள்." இரண்டு உள்ளங்கைகளையும் அவர் மார்பில் வைத்தாள். "வலப்பக்கம் இறங்குது. இடப்பக்கம் நாலாவது விலா எலும்பு இறங்கேல்லை."

"உடைஞ்சிட்டுதோ பிள்ளை?"

"இல்லை. உடையவுமில்லை, கழலவுமில்லை. அதாலைதான் படத்திலை தெரியேல்லை. படத்திலை எலும்பு தெரியும், அது அசையிற விதம் தெரியாது. மூட்டும் அதைச் சுத்தின தசையும் நரம்பும் சேர்ந்து ஒழுங்கா வேலை செய்யேல்லை. சொமாட்டிக் டிஸ்ஃபங்ஷன் எண்டு நாங்கள் சொல்லுறது இதைத்தான். உங்கடை விலா எலும்பு மூச்சை இழுத்த நிலையிலேயே நிண்டிட்டுது."

தவராஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சும்மா சொல்லேல்லை," என்றார்.

"சும்மா சொல்லேல்லை அங்கிள்."

அவரை மல்லாக்கப் படுக்கவைத்தாள். பெருவிரலை அந்த எலும்பின் மேல் வைத்து, அவர் மூச்சை விடும்போது கீழ்நோக்கி அழுத்தினாள். மார்பின் மேல் அந்தக் கனம் விழுந்ததும் தவராஜாவின் கண் இருட்டியது. அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடிப்போய்க் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரோலி, ரோலி," என்றாள் சாரங்கி டேனிஷில். பிறகு, "அமைதியா இருங்கோ. நான் கிட்ட வரேல்லை. கதவைத் திறந்து விடவோ?"

"ஓம்."

திறந்த கதவடியில் நின்றபடியே இறக்கைக்குள் நடந்ததை அவளிடம் சொன்னார். கை நீட்டியபடி கிடந்ததையும், கத்த முடியாமல் போனதையும், எல்லோரும் சிரித்ததையும்.

சாரங்கி கதவை மூடவில்லை. அவரை இருத்திவைத்தே சிகிச்சையைத் தொடர்ந்தாள். "இறக்கிறதுக்கு நான் மல்லுக்கட்டமாட்டன். அது மேலைதானே போகப் பாக்குது, முதல் அங்கையே போகட்டும்," என்று சொல்லி, எலும்பு போக விரும்பிய பக்கத்துக்கே அதைத் தாங்கிப் பிடித்துக் காத்திருந்தாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் விரலுக்குக் கீழே ஏதோ இளகியது. தவராஜாவின் மூச்சு அடிவரை இறங்கியது. அவர் இன்னொரு தரம் விட்டுப் பார்த்தார். அப்போதும் இறங்கியது.

"திங்கக்கிழமை வேலைக்குப் போகலாமோ?"

"போகலாம். ஆனா திரும்ப அதுக்குள்ளை போனால் இறுகாது எண்டு என்னாலை சொல்ல ஏலாது."

திரும்பும் வழியில் இறக்கைக்குள் நடந்ததைச் சுஜாந்தினியிடமும் சொன்னார். அவள் காரை ஓரங்கட்டினாள்.

"எல்லாரும் சிரிச்சவையோ?"

"ஓம்."

"நீங்களுமோ?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள்.

திங்கட்கிழமை தவராஜா இறக்கைக்குள் போனார். நடக்கும் இடத்தில் மூச்சு நன்றாக வந்தது. தவழும் இடத்திலும் வந்தது. குப்புறப் படுத்துக் கைகளை முன்னே நீட்டியதும் நெஞ்சு தூக்கியபடி நின்றுவிட்டது. அவர் முன்னே போகவில்லை. அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்து வெளியே எழுந்து நின்றார்.

"இனி நான் அந்தப் பகுதிக்குள் போகமாட்டேன்," என்று பிறேபனிடம் டேனிஷில் சொன்னார்.

"வேறு யாரால் அந்த இடத்துக்குள் நுழைய முடியும்? உன்னை வைத்து நான் என்ன செய்ய?"

"தெரியாது. ஆனால் போகமாட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிறேபன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முதலாளியோடு நாளைக்குக் கதைப்போம், இப்போதைக்கு வெளிப்பக்கத்தைத் தேய் என்றார்.

மதியம் தவராஜா வீட்டுக்கு அழைத்தார்.

"உள்ளுக்குப் போகமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"என்னவாம்?"

"நாளைக்குக் கதைப்பினமாம். வேலையாலை நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவினம்."

"சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள் சுஜாந்தினி.

"இனித்தான்," என்றார்.